புதுப்பிப்பு: பப் மூலையில் கும்மென்ற பேஸ்

இங்கிலாந்தின் லீட்ஸ் பக்கத்துப் பப்களில் வாசிக்கும்போது என் பேஸ் கிட்டார் ஒரே கும்மென்று, எந்தச் சுரம் என்றே தெரியாமல் கேட்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். ஆம்ப்பை (ஸ்பீக்கரோடு கூடிய ஒலிபெருக்கியை) மூலையிலிருந்து இழுத்து, காலி பீர் கிரேட் மேல் ஏற்றச் சொன்னீர்கள். சனிக்கிழமை ஏற்றினோம். பாதித் தொல்லை அதோடு போயிற்று. மீதிக்கு ஆம்ப்பில் அடிஒலிக்கான பேஸ் நாபைக் குறைத்து, நடுஒலிக்கான மிட் நாபைக் கூட்டினேன். தனியாகக் கேட்டால் தகர டப்பாதான். டிரம்ஸோடு சேர்ந்தால் ஒவ்வொரு சுரமும் தெளிவு. பேஸின் மிகத் தடித்த ஈ (E) கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ்; சின்ன ஸ்பீக்கரில் நாம் கேட்பது பெரும்பாலும் அதன் 82 ஹெர்ட்ஸ் மேல்சுரத்தைத்தான். அதனால் பேஸ் நாபைக் குறைத்ததில் நஷ்டமில்லை.

அப்புறம், அங்கே சத்தம் அளவு மீறினால் மேடைக் கரண்டையே துண்டிக்கும் கருவி உண்டு. இந்த முறை அதன் சிவப்பு எச்சரிக்கை விளக்கை எரியவிட்டது நானல்ல, டிரம்மர். அவரிடம் யார் போய்ச் சொல்வது?