பிஜிஅட்மின் மட்டும் தெரிந்தால் போதுமா, பிஎஸ்கியூஎல்லும் பழக வேண்டுமா?

புதுப்பொறுப்பு:

வணக்கம். நான் ஜாவா எழுதுகிறவன். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் அதில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என் தலையில் விழுந்தது. டேட்டாவைப் படிக்கும் செலக்ட், ஜாயின் எல்லாம் பழக்கம்தான். நிர்வாகம் என்று வந்தால்தான் கை ஓடவில்லை. அதை ஜன்னல், மெனு வழியாக நிர்வகிக்கும் பிஜிஅட்மின் 4 போட்டு வைத்திருக்கிறேன். டேபிள் உருவாக்குவது, யூசருக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் மவுஸிலேயே முடிகிறது. டீமில் ஒருவர் மட்டும் "இதெல்லாம் விளையாட்டுச் சாமான், கட்டளை அடித்து வேலை செய்யும் பிஎஸ்கியூஎல் பழகு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நேற்று ஒரு சின்ன டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்த்து சேவ் கொடுத்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த டேபிளைத் தொடும் எல்லாப் பக்கங்களும் நின்றுவிட்டன. பிஜிஅட்மினை மூடியும் சரியாகவில்லை, சர்வரை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வழிக்கு வந்தது. இது டூலின் கோளாறா? நான் எதிலிருந்து கற்க ஆரம்பிப்பது?

கமிட்ராஜா:

பிஎஸ்கியூஎல் பழகிவிடுங்கள். சர்வருக்குள் நேராக லாகின் செய்து பார்க்க வேண்டிய நாளில் அது ஒன்றுதான் கையில் இருக்கும். வேறு வாதமே வேண்டாம்.

பழைய டிபிஏ:

கமிட்ராஜா சொல்வதில் தப்பில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. நேற்றைய ஃபீல்டை பிஎஸ்கியூஎல்லில் சேர்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

எனக்குத் தோன்றுவது: யாரோ ஒருவர் ஒரு டிரான்சாக்ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய வேலைகளின் தொகுப்பை) திறந்து அந்த டேபிளைப் படித்துவிட்டு, அதை உறுதிசெய்யும் கமிட்டும் கொடுக்காமல் கைவிடும் ரோல்பேக்கும் கொடுக்காமல் எழுந்து போயிருக்கிறார். ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே கமிட் செய்யும் ஆட்டோ கமிட்டை அணைத்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் எல்லா டீமிலும் உண்டு. வெறும் செலக்ட்டாக இருந்தாலும் டேபிளின் மேல் ஒரு சின்ன லாக் (பூட்டு) விழும், டிரான்சாக்ஷன் முடியும்வரை அது விலகாது. ஃபீல்டு சேர்க்கும் ஆல்டர் டேபிளுக்கோ இருப்பதிலேயே கடுமையான லாக் வேண்டும், அதனால் அது காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் செலக்ட்டுகள் ஆல்டரைத் தாண்டிப் போக முடியாமல் வரிசையில் நிற்கும். டேபிளின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பிஜிஅட்மினை மூடியும் ஏன் சரியாகவில்லை என்றால், லாக்குக்காகக் காத்திருக்கும் செஷனுக்கு (சர்வரில் உங்களுக்காகத் திறந்த இணைப்புக்கு) எதிர்முனையில் ஆள் போய்விட்டது பெரும்பாலும் உடனே தெரியாது. அடுத்து ஏதாவது பதில் அனுப்பப் போகும்போதுதான் தெரியவரும். ஆக, உங்கள் ஆல்டர் ஜன்னல் மூடிய பிறகும் அங்கேயேதான் நின்றிருக்கும்.

அடுத்த தடவை ரீஸ்டார்ட் பக்கம் போகாதீர்கள். அதே பிஜிஅட்மினின் டேஷ்போர்டில் செஷன் பட்டியல் இருக்கிறது. "ஐடில் இன் டிரான்சாக்ஷன்", அதாவது டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் நிலையில் நெடுநேரமாக உட்கார்ந்திருப்பவரைத் தேடுங்கள். பிஜிஅட்மின் என்ற பெயரிலேயே சில செஷன்கள் தெரியும், அவை உங்களுடையவைதான், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு செஷனையும் நிறுத்த இரண்டு குறிகள் உண்டு. ஒன்று ஓடும் குவெரியை (கட்டளையை) மட்டும் ரத்து செய்யும், மற்றது செஷனையே முடித்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் செஷனில் ரத்து செய்ய குவெரியே இல்லை என்பதால் முதல் குறியை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவதுதான் வேலை செய்யும். அதற்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கமிட் ஆகாத அவர் வேலை அத்தனையும் போய்விடும்.

இனி எங்கிருந்து கற்பது? பிஜிஅட்மினையே வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். டேபிளோ யூசரோ உருவாக்கும் பெட்டியில் கடைசியாக எஸ்கியூஎல் என்று ஒரு டேப் இருக்கும். சேவ் அழுத்தும் முன் அதைத் திறந்து, நீங்கள் டிக் செய்தவை என்ன கட்டளையாக மாறியிருக்கின்றன என்று வாசியுங்கள். புரியாத சொல் வந்தால் போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் தேடுங்கள். கொஞ்ச நாளில் அந்தக் கட்டளையை நீங்களே எழுதுவீர்கள். ஆல்டருக்கு முன்னால் லாக் டைம்அவுட்டை 3 நொடி என்று வைக்கும் வரியையும் சேர்ப்பீர்கள். லாக் கிடைக்காவிட்டால் அது பிழை சொல்லி விலகிக்கொள்ளும், பின்னால் வரிசை சேராது. பெட்டியில் அதற்கென்று கட்டம் எதுவும் நான் பார்த்ததில்லை, குவெரி ஜன்னலில்தான் போட வேண்டும்.

பிஎஸ்கியூஎல்லிலும் இதே வித்தை உண்டு. ஹைஃபன், பெரிய இ (-E) சேர்த்துத் தொடங்குங்கள். பிறகு டேபிள் பட்டியலுக்காக பேக்ஸ்லாஷ் டி (\d) என்று கேட்டால், அந்தப் பட்டியலை எடுக்க அது உள்ளே ஓட்டும் குவெரிகளையும் சேர்த்துக் காட்டும். போஸ்ட்கிரெஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் சிஸ்டம் டேபிள்களை நான் கற்றதே பெரும்பாலும் இப்படித்தான்.

விளையாட்டுச் சாமான் என்றவரிடம் இதைச் சொல்லுங்கள். அவரும் அந்த எஸ்கியூஎல் டேபைத் திறந்திருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

புதுப்பொறுப்பு:

மிக்க நன்றி சார். தேடிப் பார்த்தேன், ஒருவர் ரிப்போர்ட் எடுக்கத் திறந்த ஜன்னலை மதியம் முழுக்க மூடாமல் வைத்திருந்தாராம். இன்னொரு சந்தேகம். பிஜிஅட்மினில் டேட்டாபேஸின் மேல் வலது கிளிக் செய்து பேக்கப் எடுக்கிறேன். அது போதுமா?

பழைய டிபிஏ:

போதாது. அந்த மெனு பின்னால் போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி டம்ப்பைத்தான் ஓட்டுகிறது. பேக்கப் முடிந்ததும் விவரத்தைத் திறந்தால் எந்தக் கட்டளை ஓடியது என்று முழுசாகக் காட்டும், பாருங்கள். பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும். யூசர்களும் அவர்களின் பாஸ்வேர்டுகளும் சர்வருக்குப் பொதுவானவை, அதில் வராது. புது சர்வரில் ரீஸ்டோர் செய்யும்போது "இந்த ரோல் (யூசர்) இல்லை" என்று வரிசையாகப் பிழை வரும். சர்வரின் மேல் வலது கிளிக் செய்தால் குளோபல்ஸ் பேக்கப் என்று தனியாக இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், சர்வரைவிடப் பழைய பதிப்பு பிஜி டம்ப் இருந்தால் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடும். பிஜிஅட்மின் அமைப்பில் பைனரி பாதை என்ற இடத்தில் சரியான பதிப்பைக் காட்டுங்கள்.

கமிட்ராஜா:

எடுத்ததை ஒரு காலி சர்வரில் ரீஸ்டோர் செய்தும் பாருங்கள். அதை வேண்டுமானால் மவுஸிலேயே செய்யலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.