பூங்காவில் நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, உங்களுக்கும் அப்படி உண்டா?

பாகாயம் வாசி:

எங்கள் பகுதிப் பூங்காவில் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்புரவுப் பணி. எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பச்சை டீ-சர்ட், கையுறை, பேனர், பொங்கல் வடை, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு. நடைபாதை ஓரம் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளைக் கழிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

நாட்டு வாதுமை மரம் ஒன்றின் தாழ்ந்த கிளையை வெட்டிப் போட்டேன். குப்பைக் குவியலுக்கு இழுத்துப் போகும்போது ஒரு இலை மட்டும் மற்ற இலைகள் மாதிரி விரிந்து ஆடாமல் கூம்பி நின்றது. திருப்பிப் பார்த்தேன். இலையின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைத்திருந்தது. வரிசையாக ஊசித் துளைகள், ஒவ்வொரு துளையிலும் பஞ்சு நுழைந்து வெளிப்பக்கம் பிசிறாகத் தடித்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு நூல். வாசலில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் கையில் கட்டிவிடுவார்களே, அந்த நூலாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே மூன்று முட்டைகள், புளியங்கொட்டை அளவு, வெளுப்பில் செம்புள்ளி.

தையல்சிட்டு.

என் ஷூ கயிற்றை அவிழ்த்து, வெட்டின கிளையை மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். கை நடுங்கியது. ஒருங்கிணைத்த தம்பி வந்து, "அக்கா, குரூப் போட்டோ எடுக்கணும், வாங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குத் தெரியாது. நான் போய் நின்றேன். அந்தப் போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எடுக்கும்போது பின்னால் அந்தச் சின்னப் பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். இரண்டு வருஷம் ஆகிறது, காதை விட்டுப் போகவில்லை.

காட்பாடி ரயிலடி:

அக்கா, என்னுடையது செடி விஷயம்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு எங்கள் பூங்காவில் கன்று நட்டோம். ஜூன் 5-இல் நம்ம வேலூர் எப்படி இருக்கும்? அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான், மண் செங்கல் மாதிரி இருக்கும். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. குழி ஒரு முழம்கூட இறங்கவில்லை. முக்கியஸ்தர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம்.

நான் நட்ட புங்கங்கன்றுக்கு மூன்று மாதம் தினமும் வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். என் பையனும் கூடவே வருவான். தளிர் விட்டது, அப்புறம் நின்றுவிட்டது. அடுத்த வருஷம் பொங்கலுக்குள் குச்சியாகிவிட்டது. பிடுங்கினேன். அலுங்காமல் வந்தது, மண்ணில் ஒரு பிடிப்பும் இல்லை. ஏன் என்று பார்த்தால் நாற்றங்காலில் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பை அப்படியே இருக்கிறது. நான்தான் நட்டேன், நான்தான் பையைக் கிழிக்காமல் விட்டேன். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, சந்தையில் கயிறு சுருட்டி வைத்திருப்பார்களே, அப்படிச் சுருண்டிருந்தது. பையன் அதைக் கையில் வாங்கி, "அப்பா, இவ்ளோ நாள் உள்ளேயே இருந்துச்சா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

பக்கத்தில் இருந்த மற்றக் கன்றுகளையும் போய்த் தோண்டிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு பையோடு.

அகழிக்கரை நடை:

எனக்கு நல்ல அனுபவம்தான், ஆனாலும் அதுவும் மனதை விட்டுப் போகவில்லை.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தெரியும் அல்லவா, 2015-இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் ஒரே இடத்தில் நின்றோ நடந்தோ பார்த்த பறவைகளைக் குறித்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்காகக் காணும் பொங்கல் காலை, கூட்டம் வருவதற்கு முன் ஆறு மணிக்கே கோட்டைக்குப் போனேன். அகழி ஓரம் மடையான் ஒன்று, சிறகு விரித்துக் காயவைத்தபடி நீர்க்காகம், முக்குளிப்பான் இரண்டு. அகழியில் முன்பு முதலை விட்டிருந்தார்கள் என்று ஆயா சொன்ன கதையெல்லாம் அந்தப் பனியில் நம்பும்படி இருந்தது. அப்புறம் பூங்கா பக்கம் வந்தேன். பைனாகுலரை வைத்துக்கொண்டு மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நின்று, "இன்னா சார் தேடிக்கினு கீறீங்க?" என்றார். ஆந்தை என்றேன். துடைப்பக்கட்டையாலேயே காட்டினார். "தோ, அந்தப் பொந்துல பாருங்க. ரெண்டு குந்திக்கினு கீது பாருங்க."

நான் அந்த மரத்தை மூன்று முறை கடந்து போயிருக்கிறேன். பட்டையின் நிறத்திலேயே இரண்டு புள்ளி ஆந்தைகள், நாலு மஞ்சள் கண். ஒன்று தலையை மேலும் கீழும் ஆட்டி என்னை அளந்து பார்த்தது.

அதோடு முடியவில்லை. அந்த மரத்தடியில் மட்டும் சருகு எரித்த தடமே இல்லாததைக் கவனித்துக் கேட்டேன். "இங்க கொளுத்தினா பொக அந்தப் பொந்துக்குள்ள பூடுது சார். ரெண்டும் பகல்லயே வெளிய வந்துடும், காக்காங்க சூந்துக்கினு கொத்தும். நான் அள்ளிக்கினு போயி அந்தாண்ட கொட்டிடுவேன்." எத்தனை வருஷமாக என்றேன். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து என்றார்.

பட்டியலில் 'புள்ளி ஆந்தை 2' என்று போட்டேன். அந்த அம்மாவைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தொரப்பாடிக்காரன்:

தீபாவளிக்கு எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் எல்லோரும் சேர்ந்து வெடித்தோம். அங்கே பெரிய அரசமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும். ஒரு ராக்கெட் மரத்துக்குள் போனது. மறுநாள் ஒன்று கீழே கிடந்தது, மார்பில் குட்டியைக் கட்டிக்கொண்டு. என் கதை அவ்வளவுதான். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தலைமுறையாக வெடி வெடிப்பதில்லை. நம்மால் ஒரு மரத்துக்கு முடியவில்லை.

ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும்.

பாகாயம் சகோதரி, கிளை கழிப்பதே தப்பு என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நடக்கிறவர் கண்ணில் குத்துகிற கிளையைக் கழிக்கத்தான் வேண்டும். கத்தரி வைப்பதற்கு முன் தள்ளி நின்று பத்து நிமிஷம் பாருங்கள். கூடு இருந்தால் பறவை வரும் போகும், வாயில் புழுவோ பஞ்சோ இருக்கும். தையல்சிட்டு தாழ்வான அகல இலையைத்தான் தேடும், அதனால் இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை இருக்கும் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கூடு இருந்தால் அந்தக் கிளையில் ஒரு துணியைக் கட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள். முட்டை பொரியப் பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம், அவ்வளவுதான்.

ரயிலடி தம்பி, ஜூன் 5-இல் நட்டதுதான் முதல் தப்பு. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நம்ம பக்கம் தென்மேற்கில் ஓரளவு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஆடி கடைசியில் நட்டால் இரண்டும் கிடைக்கும். குழி இரண்டடிக்கு இரண்டடி, நடுவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து ஆறவிட வேண்டும். பையைக் கிழித்த பிறகு சுருண்ட வேரை விரலால் பிரித்துவிட வேண்டும். பக்கத்தில் குச்சி ஊன்றித் தேங்காய் நார்க்கயிற்றால் எட்டு மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு கட்டினால் மரம் பருக்கும்போது கயிறு பட்டைக்குள் இறங்கிவிடும். வேம்பு, புங்கம், நாவல், அத்தி, இலுப்பை, மகிழம் வைக்கலாம். சீக்கிரம் பச்சையாகிறது என்று கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் மட்டும் வேண்டாம், 2025-இல் தமிழ்நாடு அரசே அதற்குத் தடை போட்டிருக்கிறது.

அப்புறம் சருகு. எரிக்கவே வேண்டாம், அந்தாண்ட கொண்டுபோயும் கொட்ட வேண்டாம். மரத்தடியிலேயே விடுங்கள். அது மக்கித்தான் அந்த மரத்துக்கு உரம். மரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசுவதையும், ஆணி அடித்து போர்டு மாட்டுவதையும், விழா முடிந்தும் சீரியல் பல்பைக் கழற்றாமல் விடுவதையும் யாராவது கேட்க வேண்டும்.

காந்தி நகர் அம்மா:

தொரப்பாடி சார், நீங்கள் சொன்னது எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பாகாயம் அக்கா எப்படிக் கழிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறதை இறக்கி வைத்தார்கள். அதைக் கொஞ்சம் கேட்டிருக்கலாம். உங்கள் வௌவாலைப் பற்றி மூன்றே வரி எழுதிவிட்டு ஓடிவிட்டீர்கள், குட்டி என்ன ஆனது?

சருகை அப்படியே விடுங்கள் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஊஞ்சல், சறுக்கு இருக்கும் இடத்தில் சருகு குவிந்திருந்தால் குழந்தைகளை எப்படி விடுவது? எங்கள் பூங்காவில் பாம்பு வந்தது. ஆனால் அது எதற்கு வந்தது என்பதுதான் என் கதை.

கோடைவிழா மூன்று நாள். சாப்பாட்டுக் கடைகள். மீந்த சாதம், பஜ்ஜி எல்லாம் மரத்தடியில். 2019-லேயே பிளாஸ்டிக்குக்குத் தடை, ஆனாலும் எல்லாம் பிளாஸ்டிக் கவரோடுதான் கிடந்தது. நாலாம் நாள் எலி, பட்டப்பகலில். ஒரு வாரம் கழித்துச் சாரைப்பாம்பு. ஆறடிக்குக் குறையாது. அது எலியைத் தேடி வந்திருக்கிறது, விஷமும் இல்லை. அதற்குள் கூட்டம். "நல்ல பாம்பு, நல்ல பாம்பு" என்று கத்தினார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணுங்கள் என்று நானும் கத்தினேன், என் குரல் எடுபடவில்லை. என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. கண்ணைப் பொத்தினேன், கையைத் தள்ளிவிட்டாள். அடித்து முடித்த பிறகு, "அம்மா, அதோட வயித்துல இன்னும் எலி இருக்கு" என்றாள். நடுவில் உப்பலாக இருந்தது. நமக்காக வேலை செய்துகொண்டிருந்ததைத்தான் அடித்துப் போட்டோம்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. அந்தப் பூங்காவுக்கு வர மாட்டேன் என்கிறாள்.

கொசப்பேட்டை:

எல்லோரும் எழுதியதைப் படித்தால் விழாவே நடத்தக் கூடாது என்கிற மாதிரி போகிறது. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆள் வராத பூங்கா என்ன ஆகும் என்று நம்ம ஊரில் பார்த்திருக்கிறேன். முதலில் கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள், அப்புறம் வண்டி நிறுத்துவார்கள், அப்புறம் சீமைக் கருவேலம். நாலு பேர் சேர்ந்து பேனர் பிடித்ததால்தான் எங்கள் பூங்கா இன்னும் பூங்காவாக இருக்கிறது. அந்த நாலு பேரில் அந்தத் துடைப்பக்கட்டை அம்மாவும் மேடையில் இருந்திருக்க வேண்டும், அது வேறு.

பாகாயம் அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்த முட்டைகள் என்ன ஆயின? நீங்கள் சொல்லவே இல்லை.

தொரப்பாடிக்காரன்:

காந்தி நகர் அம்மாவுக்கு. குட்டி உயிரோடுதான் இருந்தது. ஒரு துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். யாரைக் கேட்பது, என்ன கொடுப்பது என்று எனக்கு அன்று தெரியவில்லை. சொட்டு சொட்டாகப் பால் விட்டேன். விடியற்காலை வரை என் விரலை அதன் சின்ன நகத்தால் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பிடி தளர்ந்தது. எழுத வரவில்லை, அதனால்தான் மூன்று வரி. நீங்கள் சொன்னது சரி. ஊஞ்சல் பக்கம் சருகு வேண்டாம்.

பாகாயம் வாசி:

கேட்டதற்கு நன்றி. சொல்லாமல் விட்டேன் என்பது உண்மைதான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே போனேன். கிளை கட்டின இடத்தில் கட்டினபடியே இருந்தது. வெட்டின கிளைதானே, இலை ஒரே நாளில் வதங்கி, ஓரம் சுருங்கி, தையல் பிரிந்திருந்தது. ஒரு முட்டை கீழே உடைந்து, எறும்பு. மற்ற இரண்டும் உள்ளேயே இருந்தன, தொட்டால் சில்லென்று. தாய் உட்காரவில்லை. மூன்றையும் அந்த மரத்தடியிலேயே புதைத்தேன். இலையை மட்டும் எடுத்துவந்தேன், என் டைரியில் இருக்கிறது. பழுப்பாகிவிட்டது, சிவப்பு நூல் மட்டும் சிவப்பாகவே இருக்கிறது.

இந்த வருஷம் ஆடியில் மறுபடி பணி வைத்தோம். கத்தரி எடுப்பதற்கு முன் எல்லோரும் அரை மணி நேரம் சும்மா சுற்றி வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அந்தத் தம்பியும் ஒத்துக்கொண்டான். பத்து பேர் சலித்துக்கொண்டார்கள். நந்தியாவட்டைப் புதரில் சின்னான் குருவியின் கூடு ஒன்று, விளக்குக் கம்பத்தின் குழாய்க்குள் மைனா ஒன்று. இரண்டு இடத்திலும் மஞ்சள் துணி கட்டியிருக்கிறோம். அந்த வாதுமை மரத்தில் இன்னும் எதுவும் வரவில்லை. தினமும் நடக்கும்போது பார்க்கிறேன்.