ஸ்டார் ட்ரெக் பழைய காமிக்ஸ்ல கப்பலுக்குப் பின்னால நெருப்பு கக்குது, இது போலியா?

கமலி_ஜெலுத்தோங்:
வணக்கம், நான் இங்க புதுசு, தப்பான பகுதியில போட்டிருந்தா அட்மின் மாத்தி விட்டுருங்க. எங்கப்பா போன வருசம் தவறிட்டாரு, அவரு வீட்ட காலி பண்ணும்போது கட்டிலுக்குக் கீழ ஒரு தகரப் பொட்டி, நான் ஏதோ வீட்டு கிராண்டு, அதான் பத்திரம், இருக்கும்னு நெனச்சுத் தொறந்தா உள்ள பூரா காமிக்ஸ். முக்கால்வாசி முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி, அதெல்லாம் எனக்குத் தெரியும், சின்ன வயசுல எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாரு. அடியில 6 மெல்லிசு புத்தகமும் கெட்டி அட்டை போட்டது 1ம் இங்லீஷ்ல, ஸ்டார் ட்ரெக், அந்த விண்வெளிக் கப்பல் டிவி சீரியல் பேரு போட்டது. சௌரஸ்தா மார்க்கெட் மாடியில பழைய புத்தகக் கடையில வாங்கிருப்பாருன்னு அம்மா சொல்றாங்க, சம்பளம் போட்ட சனிக்கிழமைன்னா அங்கதான் கெடப்பாராம்.

விசயம் என்னன்னா என் மகனுக்கு 13 வயசு, அந்தப் பழைய சீரியல் பூரா பாத்து முடிச்சவன், இதப் பொரட்டிட்டு அம்மா இது போலிங்கறான். கப்பலுக்குப் பின்னால ராக்கெட் மாதிரி நெருப்பு வருது, சீரியல்ல அப்டி வரவே வராதாம். எல்லாரும் பச்சை சட்டை, சீரியல்ல மஞ்சள் நீலம் சிவப்பு. எந்தக் கிரகத்துல எறங்கினாலும் முதுகுல பை மாட்டிக்கிட்டு ஏதோ பினாங்கு மலை ஏறப் போறவங்க மாதிரி நடக்கறாங்க. ஆனா முகம் மட்டும் சில எடத்துல அச்சு அசலா இருக்கு, அதான் எனக்குக் கொழப்பமே. நெசமாவே அந்த சீரியலோட காமிக்ஸா, இல்ல யாராச்சும் திருட்டுத்தனமா போட்டதா? விக்கறதுக்குக் கேக்கல, ஒருத்தரு மொத்தப் பொட்டிக்கும் 50 வெள்ளி தர்றேன்னாரு, குடுக்கல. இவன் படிக்கிற மாதிரி வேற நல்லது இருந்தாலும் சொல்லுங்க.

பழைய_பேப்பர்:
தங்கச்சி, அந்த 50 வெள்ளிக்காரருக்குக் குடுக்காம விட்டீங்களே, அதுவே பெரிய காரியம். போலி இல்லமா, அசல். மெல்லிசு புத்தகத்துல கோல்ட் கீ முத்திரை இருக்கான்னு அட்டையில பாருங்க, இல்லாட்டி உள்ள பொடி எழுத்துல அதப் போட்ட கம்பெனி பேரு வெஸ்டர்ன் பப்ளிஷிங்னு இருக்கும். சீரியல் அமெரிக்காவுல 1966ல ஆரம்பிச்சு 79 எபிசோடோட 1969ல நின்னுபோச்சு, காமிக்ஸ் 1967ல ஆரம்பிச்சது 1979 வரைக்கும் 61 இதழ் வந்துச்சு. சீரியலுக்குக் கருமாதி முடிஞ்சு 10 வருசம் ஆகியும் காமிக்ஸ் நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு வச்சுக்கோங்க.

மகன் புடிச்ச தப்பெல்லாம் சரிதான், நல்ல கண்ணு. பெரும்பாலும் படம் போட்டவங்க அமெரிக்காவுல உக்காந்து போட்டவங்க இல்ல. மொதல்ல நேவியோ ஸக்காரா, அப்புறம் ரொம்ப வருசம் ஆல்பர்ட்டோ ஜியோலிட்டி, ரெண்டு பேருமே இத்தாலி. ஜியோலிட்டி ரோம்ல உக்காந்துகிட்டு, சீரியல்ல ஒரு எபிசோடு கூட பாக்காம, அனுப்பி வச்ச விளம்பர ஃபோட்டோவ மட்டும் பாத்து வரைஞ்சவரு. ஃபோட்டோல முகம் தெரியும், அதனால முகம் பொருந்துது. கப்பல் எப்டி ஓடும்னு ஃபோட்டோ சொல்லுமா? ஆகாசத்துல போற வண்டின்னா பின்னால நெருப்பு வரணும், போட்டுட்டாரு. கலர் சேக்கறது வேற ஒருத்தர் வேல, சட்டை எப்டியோ பச்சையாயிடுச்சு. மொத கதைங்க எழுதின டிக் வுட் கூட சீரியல கரைச்சுக் குடிச்சவரு இல்ல, சீரியல்ல ஃபேசர்ங்கற துப்பாக்கிக்கு லேசர்ன்னு பேரு வச்சிருப்பாரு, மகன்கிட்ட சொல்லுங்க, இன்னும் கோவம் வரும். 1971ல லென் வீன் எழுத வந்தாரு, பின்னாடி எக்ஸ்-மென் காமிக்ஸ்ல வர்ற வுல்வரின உருவாக்கினவங்கள்ல ஒருத்தரு அவருதான், அவரு சீரியல் தெரிஞ்ச ஆளு, அவரு எழுத்துல ஆளுங்க பேசறது கொஞ்சம் ஒழுங்குக்கு வந்துச்சு.

கெட்டி அட்டை அமெரிக்கா சரக்கா இருக்காது, மான்செஸ்டர்ல வேர்ல்ட் டிஸ்ட்ரிப்யூட்டர்ஸ்னு ஒரு கம்பெனி வருசா வருசம் கிறிஸ்மஸுக்குப் போட்ட ஆனுவல், உள்ள இதே கோல்ட் கீ கதைங்களத்தான் திருப்பிப் போட்டிருப்பான். அந்தக் காலத்துல நம்ம ஊருக்கு வெள்ளைக்காரன் சரக்கு கப்பல்ல வர்றது சகஜம்.

இன்னொன்னு, உங்கப்பா ரெண்டையும் ஒரே பொட்டியில வச்சிருந்தாரு பாத்தீங்களா, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு. இரும்புக்கை மாயாவியும் லண்டன் பத்திரிகைக்கு ஸ்பெயின்காரரு ஹெசூஸ் பிளாஸ்கோ வரைஞ்சதுதான், 1972ல முத்து காமிக்ஸோட மொத இதழா சிவகாசியில தமிழ் பேச ஆரம்பிச்சுச்சு. பாக்காத ஊர பாக்காத ஆளுங்க வரைஞ்சதத்தான் நாம எல்லாரும் படிச்சு வளந்தோம்.

செந்தூல்_சிவா:
அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். அப்பா ஞாபகமா வச்சுக்கறதுக்கு கோல்ட் கீ ஓகே, படிக்கறதுக்கு? நான் ரெண்டு இதழ் முக்கி முக்கிப் படிச்சு விட்டுட்டேன். சீரியல் மேல ஆசப்பட்டு வர்ற பையனுக்கு சீரியல் மாதிரி இருக்கறதக் குடுக்கணும் லா, ஸ்பாக் வாயில ஸ்பாக் பேசற மாதிரி வசனம் வரணும், அதில்லாம காது மட்டும் கூர்மையா இருந்து என்ன புண்ணியம்.

அக்கா, டிசி காமிக்ஸ் கம்பெனி போட்டத தேடுங்க, 1984ல இருந்து 1988 வரைக்கும் 56 இதழ், அப்புறம் 1989ல மறுபடி ஆரம்பிச்சு 1996 வரைக்கும் 80. அதுக்கு முந்தி 1980ல இருந்து 82 வரைக்கும் மார்வெல் கம்பெனி 18 இதழ் போட்டுச்சு, பாவம் அவங்களுக்குக் கெடச்ச உரிமை மொத சினிமாவுக்கு மட்டும், பழைய சீரியல்ல வந்த ஆளையோ கிரகத்தையோ தொடக் கூடாது, கைய கட்டிப்போட்டு சிலம்பம் சுத்தச் சொன்ன கத. எனக்கு உசுரு ஐடிடபிள்யூ கம்பெனி 2014ல போட்ட 5 இதழ், ஹார்லன் எலிசன் 'சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடுக்கு மொதல்ல எழுதிக் குடுத்த திரைக்கதைய டிவிக்காரங்க மாத்தி எழுதித்தான் 1967ல ஒளிபரப்புனாங்க, மனுசன் கடைசி வரைக்கும் அந்தக் கோவத்த விடல, அவரு மொதல்ல எழுதினத அப்டியே காமிக்ஸா பண்ணிருக்காங்க, ஜே.கே. வுட்வார்ட் ஒவ்வொரு கட்டமும் பெயிண்டிங் மாதிரி போட்டிருப்பாரு. ஒரே புத்தகமாவும் வந்துச்சு. கேஎல்சிசி கினோகுனியால கேட்டுப் பாருங்க, இல்லாட்டி டிஜிட்டல்ல வாங்கிருங்க, வெளிநாட்டுல இருந்து தருவிச்சா தபால் செலவே புத்தக வெலைய தாண்டிரும்.

மேகலா_டீச்சர்:
சிவா தம்பி, ஒரு நிமிசம். சீரியல் மாதிரியே இருக்கணும்னு சண்ட போட்டுட்டு, கடைசியில சீரியல்ல வராத கதையத்தானே உசுருன்னு சொல்றீங்க 😄

நான் ஸ்டார் ட்ரெக் ஆள் இல்ல, டாக்டர் ஹூங்கற பிரிட்டிஷ் சீரியல் ஆளு, ஆனா கத ஒன்னுதான். டிவி காமிக்னு ஒரு பத்திரிகையில 1964 நவம்பர்ல டாக்டர் ஹூ தொடரா வர ஆரம்பிச்சுச்சு, அதுல ஹீரோ டாக்டருக்கு ஜான், கில்லியன்னு ரெண்டு பேரப்புள்ளைங்க, சீரியல்ல அப்டி யாரும் கெடையாது. சீரியல்ல வர்ற வில்லனுங்க டாலெக் இருந்தாத்தானே புள்ளைங்க வாங்கும், ஆனா டாலெக் கத அப்ப வேற பத்திரிகை கையில, அதனால ட்ரோட்னு ஒரு இயந்திரப் பூதத்த இவங்களே உண்டாக்கிக்கிட்டாங்க, கிட்டத்தட்ட பக்கத்து வீட்டு அயிட்டத்தப் பாத்து செஞ்ச மாதிரி இருக்கும். ஸ்டார் ட்ரெக் கூட பிரிட்டன்ல டிவிக்கு வர்றதுக்கு முந்தியே, 1969 ஜனவரியில ஒரு புள்ளைங்க பத்திரிகையில தொடரா வந்துருச்சு, அதுல மொத சில வாரம் கேப்டன் பேரு கெர்க் இல்ல, கர்ட்! பிபிசி ஜூலையிலதான் போட்டான். கமலி, உங்க மகன்கிட்ட சொல்லுங்க, நெருப்பு தேவல.

ஆனா இதுலயிருந்து நல்லதும் வந்துருக்கு. 1979ல டாக்டர் ஹூவுக்குன்னே தனி வாரப் பத்திரிகை வந்துச்சு, பின்னாடி வாட்ச்மேன்ங்கற காமிக்ஸ வரைஞ்ச டேவ் கிப்பன்ஸ்தான் அதுக்குப் படம். 1980ல அதுல 'ஸ்டார் பீஸ்ட்'னு ஒரு கத, பேட் மில்ஸும் ஜான் வேக்னரும் எழுதினது, வெள்ள முயல் பொம்ம மாதிரி கொஞ்சற ஒரு ஜந்து, பேரு பீப் தி மீப், பாத்தா தூக்கி வச்சுக்கணும்போல இருக்கும், உண்மையில அதுதான் கொலகாரன். இந்தக் கதைய 43 வருசம் கழிச்சு, 2023 நவம்பர்ல, டிவியிலயே எடுத்தாங்க, டேவிட் டென்னண்ட் நடிச்சது. காமிக்ஸ் சீரியலக் காப்பியடிச்ச காலம் போயி சீரியல் காமிக்ஸ் வீட்டுல கடன் வாங்க வந்த கத அது. படத்துல செட்டு போட காசு வேணாம்ல, மைக்குப்பி இருந்தா ஆயிரம் கப்பல் பறக்கும், அதனால காமிக்ஸ்காரன் துணிஞ்சு கண்டதையும் கற்பன பண்ணுவான், நூத்துல தொண்ணூறு குப்ப, மிச்சத்துல ஒரு மீப்.

பழைய_பேப்பர்:
டீச்சர், மைக்குப்பி அருமை. சிவாவுக்கு ஒரு டீ நான் வாங்கித் தர்றேன், ஆனா கோல்ட் கீய முக்கி முக்கிப் படிச்சேன்னு சொன்னதுக்கு மன்னிப்பு கெடையாது.

ஆயர்ஈத்தாம்_பையன்:
அக்கா, கதையெல்லாம் அப்புறம், மொதல்ல அந்தத் தகரப் பொட்டிய விட்டு வெளிய எடுங்க, நம்ம பினாங்கு ஈரத்துல தகரம் வேர்த்து துருப் புடிச்சு தாள்ல எறங்கிரும். எல்லாம் மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளு, தன்னாலயே புளிச்சு பழுப்பாகி ஒடியும், அதத் தடுக்க முடியாது, மெதுவாக்கலாம். காமிக்ஸுக்குன்னு விக்கற பாலிப்ரொப்பிலீன் கவர், பின்னால ஆசிட் இல்லாத அட்டை ஒன்னு, பிளாஸ்டிக் பொட்டியில நிக்க வச்சு சிலிக்கா ஜெல் போட்டுருங்க, வெயில் படாத எடம். வீட்டுல கேமரா டிரை கேபினட் இருந்தா அதுல ஒரு தட்டு புடிச்சுருங்க. அந்துருண்ட வேணாம், நாத்தம் போகாது. தயவு செஞ்சு செல்லோடேப் ஒட்டாதீங்க, எங்க மாமா ஒட்டி வச்ச புத்தகம் எல்லாம் இப்ப கருப்பட்டிக் கலர்ல கோடு கோடா இருக்கு. ராமபாணம் ஓட்ட போட்டிருந்தா அத தனியா வைங்க, மத்ததுக்குப் பரவும்.

கமலி_ஜெலுத்தோங்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு பதில் போடுவீங்கன்னு நெனக்கல. பழைய_பேப்பர் அண்ணே, பாத்தேன், கோல்ட் கீதான், ஆனுவல்லயும் நீங்க சொன்ன மான்செஸ்டர் கம்பெனி பேரு இருக்கு. உள்ள மொதப் பக்கத்துல பென்சில்ல 1.20னு வெல எழுதி கோடு போட்டு 80 காசுன்னு மாத்திருக்கு, அப்பா பேரம் பேசிருக்காரு. தம்பி, பொட்டிய விட்டு எடுத்தாச்சு, செல்லோடேப் ஏற்கனவே ஒரு எடத்துல ஒட்டிருக்கு, நான்தான் எட்டு வயசுல கிழிச்சேன்னு அம்மா சொல்றாங்க 🙈

சிவா சொன்ன எலிசன் புத்தகத்த டிஜிட்டல்ல வாங்கிட்டேன், மகன் ஒரே மூச்சுல முடிச்சுட்டான், டிவில வந்ததவிட இது சோகம்னான்.

இப்ப ஒரு உதவி. மெல்லிசுல ஒன்னு, செடிகொடியே மனுசன சாப்பிடற கிரகத்துல எறங்கற கத, அதுல கடைசித் தாள் இல்ல. போலி போலின்னவன் நேத்து ராத்திரி அதத்தான் படிச்சுக்கிட்டு இருந்திருக்கான், முடிவு என்னாச்சுன்னு என்னப் போட்டு நச்சரிக்கிறான். யாருக்காச்சும் தெரியுமா?

பழைய_பேப்பர்:
அட, அது மொத இதழோட கதையாச்சே! பின்னாடி மறுபதிப்பும் போட்டாங்க, அதனால அட்டையில நம்பர் என்னன்னு பாத்துச் சொல்லுங்க, மொத இதழாவே இருந்தா கடைசித் தாள் இல்லாட்டியும் பத்திரம். முடிவு மகனுக்குப் புடிக்காது தங்கச்சி. தப்பிச்சு மேல வந்து, அந்த வித்து வேற கிரகத்துக்குப் பரவிரக் கூடாதுன்னு, கப்பல்ல இருந்து லேசர அடிச்சு அந்தக் கிரகத்துல இருக்கற உசுரு மொத்தத்தையும் எரிச்சுச் சாம்பலாக்கிருவாங்க. சீரியல்ல மத்த கிரகத்து விவகாரத்துல தலையிடவே மாட்டோம்னு சத்தியம் பண்றவங்க.

கமலி_ஜெலுத்தோங்:
படிச்சுக் காட்டினேன். "நம்ம ஆளுங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். இப்ப மிச்சம் அஞ்சையும் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டான், சாப்பிடக் கூப்பிட்டா இன்னும் வரல. நம்பர் அவன் வெளிய வந்ததும் பாத்துச் சொல்றேன் அண்ணே.