சி.எம்.எஸ் ஆர்.பி.சி வாயு: குரோமட்டோகிராஃப் மட்டும் போதாதா?

வாயுக்காவலன்:
ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வகத்தில், நிலத்தடியில் இருக்கும் சி.எம்.எஸ் கருவியில் மியூயான்களைப் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) பிடிக்க ஆர்.பி.சி அறைகள் இருக்கின்றன. உயர் மின்னழுத்தம் கொடுத்த இரு தகடுகளுக்கு நடுவே வாயு; துகள் பாய்ந்தால் அங்கே சின்ன மின்னிறக்கம் நடக்கும், அதுதான் சமிக்ஞை. பேக்லைட் (கடினமான பிளாஸ்டிக்) தகடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி, அதில் ஓடுவது 95.2% ஆர்134ஏ (கார் ஏ.சி.யில் போடும் அதே வாயு), 4.5% ஐசோபியூட்டேன், 0.3% எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு). தரம் பார்க்க, கலவையைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபும் ஈரப்பத, ஆக்சிஜன் உணரிகளும் உண்டு. அதற்கும் மேலே, அரை மீட்டர் சதுரத்தில் சின்ன ஆர்.பி.சி.களைத் தரைமட்டத்தில் வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை வைத்தே வாயுவைச் சோதிக்கிறார்கள். இது வீண் சுமை என்பேன். எந்த வாயு எவ்வளவு என்று குரோமட்டோகிராஃப் சொல்லிவிடும். சின்ன அறைக்குச் சொல்லத் தெரிந்தது "ஏதோ சரியில்லை" என்பது மட்டுமே.

பேக்லைட்:
ஒத்துக்க முடியாது. இந்த வாயுவில் பெரும்பகுதி சுத்திகரிப்பான் வழியாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. மின்னிறக்கத்தில் ஆர்134ஏ உடைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகி, தகட்டின் உள்பரப்பை அரிக்கும். அதைப் பிடிக்க குரோமட்டோகிராஃபை நம்ப முடியாது. வாயுவைக் கரைசலில் குமிழ விட்டு, ஃபுளோரைடு மின்முனையை வைத்துத் தனியாக அளக்க வேண்டும். எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் கருவி தேடும். சின்ன அறைகளில் சிலவற்றுக்குப் புது வாயு, சிலவற்றுக்குக் கருவி இருக்கும் நிலத்தடிக் குகைக்குள் போகிற வாயு, மற்றவற்றுக்குத் திரும்பி வருகிற வாயு. காற்றழுத்தம், வெப்பம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது வாயுவின் வித்தியாசம்தான்.

வாயுக்காவலன்:
கழித்தல் நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் கீழே இருக்கும் அறைகள் வருஷக்கணக்காகக் கதிரியக்கத்தில் கிடக்கின்றன, மேலே இருப்பவை அப்படி இல்லையே? அமெரிக்காவில் பாபர் என்ற துகள் சோதனையின் ஆர்.பி.சி.கள் திறன் (துகளைத் தவறாமல் பிடிப்பது) இழந்ததற்கு, தகடுகளின் உள்ளே சரியாகக் காயாத ஆளி விதை எண்ணெய்ப் பூச்சும் கூடிப்போன வெப்பமும் முக்கியக் காரணங்கள். வாயுவைச் சுவாசிக்கும் சோதனை அறை அதைக் காட்டியிருக்காது.

செப்புக்குழாய்:
பாபரைச் சொன்னால் ஜப்பானின் பெல் துகள் சோதனையையும் சொல்லணும். அங்கே கண்ணாடி ஆர்.பி.சி. சிலிண்டரில் குறையில்லை. ஆனால் நீளமான பிளாஸ்டிக் குழாயின் சுவர் வழியாகவே வெளிக்காற்றின் ஈரம் உள்ளே ஊறிவிட்டது! அறைகளின் மின்னோட்டம் ஏறியது, திறன் சரிந்தது. செப்புக் குழாய்க்கு மாற்றினார்கள். கலக்கும் இடத்தில் மட்டும் அளந்துகொண்டிருந்தால் எல்லாம் சரியென்றுதான் காட்டும். அறையைத் தொட்டு வெளியே வரும் வாயுவைப் பார்த்தே ஆகணும்.

வாயுக்காவலன்:
அதற்கு வெளியேறும் முனையில் ஒரு ஈரப்பத உணரி போதுமே?

பேக்லைட்:
ஈரம்தான் வில்லன் என்று தெரிந்த பிறகு போதும். ஆர்134ஏ-யின் புவி வெப்பமாக்கும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறக்குறைய 1,400 மடங்கு, அதனால் கலவையே மாறிக்கொண்டிருக்கிறது. 2023-ல் செர்னின் இன்னொரு கருவியான அட்லஸ் தன் ஆர்.பி.சி.களில் 30% கார்பன் டை ஆக்சைடு சேர்த்தது. புதுக் கலவை உடைந்தால் என்னென்ன வரும், எந்த உணரியை முன்கூட்டி வாங்கி வைப்பீர்கள்?

வாயுக்காவலன்:
சரி, இந்த இடத்தில் இறங்கி வருகிறேன். ஆனால் கதிர் படாத அறை எனக்குப் போதாது. செர்னிலேயே ஜிஃப்++ கூடத்தில் சீசியம்-137 கதிரியக்க மூலத்துக்கு முன்னால் வைத்து அறைகளை முதுமையாக்கிப் பார்க்கிறார்களே, அப்படி அடிபட்ட சின்ன அறை ஒன்றையும் திரும்பி வரும் வாயுவில் இணைக்கட்டும். அதோடு ஃபுளோரைடு அளவையும் சேர்த்துக் காட்டினால் நான் வாதத்தை விட்டுவிடுகிறேன்.