சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தை ட்ரெய்லரில் எப்படி ஏற்றுவது? (சுங்கை சிப்புட்)

கோயில்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய பால்மரத் (ரப்பர்) தோட்டம், இப்போது பாதிக்கு மேல் செம்பனை. அங்கே கோயில் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் போன வாரம் அடித்த காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை, கொட்டகையின் ஒரு மூலை மட்டும் போயிற்று. கிளைகளையெல்லாம் சேன்சோ வைத்து வெட்டி விறகுக்குக் கொடுத்தாகிவிட்டது. அடிமரம் அப்படியே கிடக்கிறது. நீளம் 14 அடி, நடுவில் கயிறு பிடித்துச் சுற்றளவு பார்த்தேன், சரியாக 12 அடி. கோயிலே எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது. பலகையாக அறுத்து அன்னதானத்துக்கு நீள மேசை போடவேண்டும் என்று கமிட்டிக்கு ஆசை.

பலகை மில்லில் அளவைச் சொன்னதும் அந்த முதலாளி மனக்கணக்காகவே "இரண்டரை டன்" என்று சொல்லிவிட்டார். எங்களிடம் செம்பனைக் குலை ஏற்றுகிற 3 டன் ட்ரெய்லரும் ஒரு பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டரும் இருக்கின்றன. அதனால் கொண்டுபோவதில் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன், ஏற்றுவதுதான் எப்படி என்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் 3 டன் கிரேன் லோரி இருக்கிறது, அவரைக் கூப்பிடலாமா? இல்லை, இளவட்டங்கள் இருபது பேர் தயாராக இருக்கிறார்கள், கட்டை போட்டுத் தள்ளிவிடலாமா? மில்லுக்கு 9 கிலோமீட்டர்தான்.

லோரிக்காரன் எழுதியது:

தம்பி, அந்த இரண்டரை டன் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. 12 அடி சுற்றளவு என்றால் குறுக்களவு நாலு அடிக்குக் கொஞ்சம் குறைவு, 14 அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 160 கன அடி வருகிறது, அதாவது நாலரை கன மீட்டர். இன்னும் காயாத பச்சை மரம், கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்வதுதான் ஏற்றுகிறவனுக்கு நல்லது. நாலரை டன்! கொஞ்சம் குறையலாம், இரண்டரைக்கு ஒருநாளும் இறங்காது.

3 டன் கிரேன் லோரியைக் கூப்பிடவே வேண்டாம். அது 3 டன் தூக்குவது கையை மடக்கி லோரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும்போதுதான். கை நீள நீளத் தூக்கும் பலம் கிடுகிடுவென்று குறையும், எந்த நீளத்துக்கு எத்தனை கிலோ என்று கிரேனிலேயே அட்டவணை ஒட்டியிருப்பார்கள், போய்ப் பார். மண் தோண்டுகிற பேக்கோவும் இதை முழுசாகத் தூக்காது, ஒரு முனையை உயர்த்திக் கட்டை வைக்க வேண்டுமானால் உதவும்.

உன் ட்ரெய்லரும் வேண்டாம், டிராக்டரும் வேண்டாம். அந்தப் பழைய மாஸியே ஒன்றரை டன் சொச்சம்தான் இருக்கும், பின்னால் அதைப்போல் மூன்று மடங்கு வந்தால் இறக்கத்தில் மரம்தான் டிராக்டரை ஓட்டும். பேக்கோ ஏற்றிக்கொண்டு அலைகிற ரோடு கான்ட்ராக்டர் யாரிடமாவது தாழ்வான ட்ரெய்லரும் லோரியும் சேர்த்துக் கேள்.

கோயில்பிள்ளை எழுதியது:

அண்ணே, நன்றி. ஆனால் அந்த மில் முதலாளி அவர் அப்பா காலத்திலிருந்து மரத்தோடு இருக்கிறவர். அவருக்கா இரண்டு டன் தப்பும்? அதுதான் குழப்பமாக இருக்கிறது.

பலகைக்கடை எழுதியது:

அவருக்குத் தப்பவில்லை, அவர் சொன்ன டன் வேறு! மரக்காரர்கள் உருட்டு மரத்தை அளப்பது ஹோப்பஸ் என்கிற பழைய வெள்ளைக்காரன் கணக்கில். சுற்றளவை நாலால் வகு, வருவதை அதனாலேயே பெருக்கு, அப்புறம் நீளத்தால் பெருக்கு. உங்கள் மரத்துக்கு 12-ல் நாலில் ஒன்று 3, மும்மூன்று 9, அதைப் பதினாலால் பெருக்கினால் 126 ஹோப்பஸ் அடி. ஐம்பது ஹோப்பஸ் அடிக்கு ஒரு டன், ஆக இரண்டரை. பார்த்தீர்களா, அவர் மனக்கணக்கு அச்சாக வந்துவிட்டது. ஆனால் இதில் எடையே கிடையாது, இது மரம் அடைக்கிற இடத்தின் அளவு. அதிலும் அறுக்கும்போது வீணாகிற ஓரத்துக்கு என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதலிலேயே கழிந்துவிடும். வாங்கவும் விற்கவும் நல்ல கணக்கு, அதை நம்பி அச்சாணியை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. என் மாமாவே ஒருவர்.

இன்னொன்று. கோயில் மரம் என்கிறீர்கள், ஆணி பாருங்கள். பேனர் கட்ட அடித்தது, விளக்கு மாட்டிய கொக்கி, பழைய சூலம் எல்லாவற்றையும் மரம் விழுங்கி மேலே பட்டை மூடியிருக்கும். ஆணி கண்ட மரத்தை அறுக்கமாட்டேன் என்று சொல்கிற மில்களும் உண்டு. ஏற்றுவதற்கு முன்பே மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவிவிடுங்கள். ஏற்றவே முடியவில்லை என்றால் ஆளை வரவழைத்து அங்கேயே அறுக்கலாம், மூன்று அங்குலக் கனத்தில் நடுப்பலகை ஒன்று 400 கிலோவுக்குள்தான் வரும், எட்டுப் பத்துப் பேர் தூக்கிவிடலாம்.

பழைய மண்டோர் எழுதியது:

எங்கள் காலத்தில் கிரேன் ஏது? காட்டுமரம் இறக்குகிற சன் தாய் வோங் லோரி, யுத்தகாலத்து ராணுவ லோரியைப் பிரித்துக் கட்டியது, அதன் வின்ச்சும் (வடத்தைச் சுற்றி இழுக்கிற உருளை) கம்பி வடமும்தான் எல்லாம். கீழே கிடக்கிற மரத்தைத் தூக்காதே தம்பி, உருட்டு.

ட்ரெய்லரை மரத்துக்குப் பக்கவாட்டில் சமதரையில் நிறுத்து, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு வை. மரம் ஏறுகிற ஓரத்தில் தட்டுக்கு அடியிலும் முட்டுக்கட்டை கொடு, இல்லாவிட்டால் மரம் விளிம்புக்கு வந்ததும் வண்டி அந்தப் பக்கமாகச் சாயும். 12 அடி நீளத்தில் ஐ பீம் என்கிற இரும்பு உத்தரம் இரண்டை ஏணி மாதிரி சாய்த்து, நடுவிலும் முட்டுக் கொடு. பால்மரக் கட்டையைச் சறுக்குக்கு வைக்காதே, நான் வைத்து முறிந்திருக்கிறது.

கம்பி வடம் இரண்டு எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் ஒரு முனையை ட்ரெய்லர் சட்டத்தில் கட்டு. மறுமுனையைச் சறுக்கு வழியே கீழே இறக்கி, மரத்துக்கு அடியில் நுழைத்து, அதன் முதுகுமேல் சுற்றிக்கொண்டு வந்து, ட்ரெய்லருக்கு மேலாக அந்தப் பக்கம் நிற்கும் டிராக்டரில் மாட்டு. டிராக்டர் மெதுவாக நகர்ந்தால் மரம் தானே உருண்டு ஏறும். தட்டு 3 அடி உயரம், சறுக்கு 12 அடி, அப்போது எடையில் கால்வாசிதான் இழுக்கவேண்டும், வடம் சுற்றி வருவதால் அதிலும் பாதி. நாலரை டன்னுக்கு அரை டன் சொச்சம், உரசலும் சேர்த்து முக்கால் டன் வை. உங்கள் மாஸி இழுக்கும். கொக்கியைக் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டு, மேலே மாட்டினால் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுகிறவன்மேலேயே கவிழும்.

அடிப்பக்கம் பருத்த மரமானால் பருத்த முனை முந்திக்கொண்டு மரம் கோணலாகும், அப்போது நிறுத்தி, முட்டு வைத்து, ஒரு வடத்தை மட்டும் இழுத்து நேராக்கு. ஒவ்வொரு முழத்துக்கும் மரத்துக்குப் பின்னால் ஆப்புச் செருகிக்கொண்டே போ, ஆப்பை நீளக் கம்பால் பக்கத்தில் நின்று தள்ளவேண்டும். மரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது. அந்த இருபது பேரைப் பற்றித்தான் எனக்குப் பயம். இருபது பேரும் கைவைத்துத் தள்ளுவார்கள், மரம் திரும்பினால் இருபது பேரும் அடியில். வடத்தின்மேல் ஈரச் சாக்குப் போடு, அறுந்தால் சாட்டைபோல் வீசுவது கொஞ்சம் குறையும்.

ஈப்போக்காரி எழுதியது:

காகித விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகர ஊரமைப்புச் சட்டம் 172-ன்படி 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட நகராண்மையின் அனுமதி வேண்டும். உங்களுடையது காற்றில் விழுந்தது, அதனால் விழுந்த நிலையில் எடுத்த படங்களும் நிர்வாகத்தின் கடிதமும் லோரியிலேயே இருக்கட்டும். வனத்துறை அலுவலகத்திலும் பாஸ் தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வழியில் நிறுத்தும்போது கேட்காதீர்கள்.

கோயில்பிள்ளை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடிந்துவிட்டது!

கான்ட்ராக்டர் ஒருவர் தாழ்வான ட்ரெய்லரும் லோரியும் கொடுத்தார், கோயிலுக்கு என்றதும் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். மண்டோர் ஐயா சொன்னபடியே இரண்டு வடம், ஐ பீம், கீழே முட்டு. பாதிச் சறுக்கில் பருத்த முனை முந்தியது. அதை நேராக்கும்போது ஒரு வடம் நழுவி மரம் பின்னால் வந்தது, ஆப்பில் இடித்து நின்றது. அரை அடிதான். ஆனால் அந்தச் சத்தத்தில் இருபது பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், அப்புறம் யாரும் அவசரப்படுத்தவில்லை. எட்டரைக்குத் தொடங்கியது, ஏற்றிச் சங்கிலி போட்டு முடிக்கும்போது மணி இரண்டு. ஏழு ஆணியும் ஒரு கொக்கியும் முன்பே எடுத்திருந்தோம், சூலம் இல்லை.

போகிற வழியில் செம்பனை ஆலையின் எடைமேடையில் ஏற்றிப் பார்க்க விட்டார்கள். வண்டியைக் கழித்து மரம் மட்டும் 4,160 கிலோ. லோரிக்கார அண்ணன் சொன்னதுபோல் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அந்தச் சீட்டை மில் முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு தன் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து "தூங்குமூஞ்சி, ஒன்று, 2.5 டன்" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.