மறு: ‘வாழ்க்கை உருவகப்படுத்தல் விளையாட்டு’க்கு மாற்றாகச் ‘சிற்றில் ஆட்டம்’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாம் தமிழாக்கிவரும் ஸ்டார்டியூ வேலி, ஹார்வெஸ்ட் மூன், அனிமல் கிராசிங் போன்ற, சிற்றூர் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கும் கணினி ஆட்டங்களைச் சேர்த்துக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. வாழ்க்கை உருவகப்படுத்தல் விளையாட்டு, பண்ணை ஆட்டம், பாவனை வாழ்வாட்டம். மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. என் முன்மொழிவு ‘சிற்றில் ஆட்டம்’. பிள்ளைகள் மணலில் கட்டி விளையாடும் சிறுவீடுதான் சிற்றில். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

> சிமுலேஷன் என்றால் உருவகப்படுத்தல் என்று நிலைத்துவிட்டது. அதையே இங்கும் நீட்டிக்கலாமே?

விமானிகளுக்குப் பயிற்சி தரும் கருவிக்கு அந்தச் சொல் சரி. அசலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் அங்கே அளவுகோல். இந்த ஆட்டங்களை அதே கோலால் அளந்தால் எதுவும் தேறாது. ஸ்டார்டியூ வேலியில் பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதை 20 பொன் (ஆட்டத்துக்குள் புழங்கும் காசு). நான்கே நாளில் கிழங்கு, விற்றால் 35 பொன். ஊரெல்லாம் பார்ஸ்னிப் போட்டாலும் 35தான். விளைச்சலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பணம் வந்திருக்கும். தரகு இல்லை, வண்டி வாடகை இல்லை, ‘இன்றைக்கு வரத்து அதிகம்’ என்ற பேச்சே இல்லை.

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிகளோடு விடியற்காலையில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கற்பனை என்று தெரியும். விலை விழுந்தால் பறிகூலிக்கே கட்டாது. பழுத்த தக்காளியைச் செடியிலேயே விட்டு மாட்டை அவிழ்த்து மேயவிடுவார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகி முற்றும் நாள்களில் யானைக்குப் பயந்து பரணில் கண்விழித்துக் கிடப்பார்கள். ஆட்டத்தில் காகம் மட்டும்தான் வரும். ஒரு பொம்மையை நட்டுவிட்டால் சுற்றிலும் எட்டுக் கட்டத்துக்கு அதுவும் அண்டாது.

என் அப்பா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிட்டவர். ஒரு நாள் நான் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். திரையில் கோடைத் தக்காளி. பதினொரு நாளில் காய்ப்புக்கு வந்து, பிறகு நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. “காய்ப்புழு விழாதா?” என்றார். விழாது என்றேன். “விலை?” அறுபது, எப்போதும் அறுபது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், “அந்த மூலையில் நீ தண்ணீர் விடவில்லை பார்” என்று எனக்கு வேலை சொல்லத் தொடங்கினார். உழவைப் பற்றித் தப்பாகக் காட்டுகிறார்கள் என்று அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இது எந்த வகைப் பொருள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நம் கலைச்சொல்லும் அந்தத் தெளிவைத் தர வேண்டும் என்பதே என் வாதம்.

தெருவில் மணலைக் குவித்து வீடு கட்டி, கொட்டாங்கச்சியில் மண்சோறு ஆக்கி, பூவரசிலையில் பரிமாறும் பிள்ளை விளையாட்டுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. வீடு சிற்றில், சோறு சிறுசோறு. கலித்தொகையில் தெருவில் ஆடும் ‘மணற் சிற்றில்’ வருகிறது. ஆண்டாள், தங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவமாகவே நிற்கிறது. அகராதியில் தூங்கும் சொல் என்று இதை யாரும் ஒதுக்க முடியாது.

சிற்றிலில் அடுப்பு எரியாது, சோறு வேகாது. ஆனாலும் பெரியவர்கள் வாழ்க்கையின் எல்லா உறுப்பும் அங்கே உண்டு: வீடு, சமையல், விருந்து, அண்டை வீட்டுக்காரர், மனத்தாங்கல். எல்லாம் கைக்கு அடங்கும் அளவில். ஸ்டார்டியூ வேலியும் அதுதான். காலையில் எழுந்து பூவாளியில் தண்ணீர் விட்டு, கோழிக்குத் தீனி வைத்து, ஊருக்குள் போய் நான்கு பேரைப் பார்த்து, ஒருவருக்குப் பிடித்ததைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம். அதை உருவாக்கிய எரிக் பரோன் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தனி ஆளாக நாலரை ஆண்டு செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அவருக்கு வழிகாட்டிய ஹார்வெஸ்ட் மூனை 1996இல் உருவாக்கிய யசுஹிரோ வாதா, சப்பானின் மியாசாகி மாநிலத்து நாட்டுப்புறத்தில் வளர்ந்து தோக்கியோவுக்குப் பிழைக்கப் போனவர். விட்டு வந்த ஊரின் நினைவில்தான் அந்த ஆட்டம் பிறந்தது. அதன் சப்பானியப் பெயரான போகுஜோ மோனோகதாரியில் ‘மோனோகதாரி’ என்றால் கதை. அந்தப் பெயரில் உருவகப்படுத்தல் எதுவும் இல்லை.

இதன் வசீகரம் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல் என்று நினைக்கிறேன். ஆட்டத்தின் தொடக்கத்தில் நாயகர் ஒரு பெருநிறுவனத்தின் அலுவலக மேசையில் வாடிக் கிடப்பார். தாத்தா விட்டுச்சென்ற கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, வேலையை உதறி, பஸ் ஏறி அவருடைய நிலத்துக்கு வந்து இறங்குவார். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பஸ் எதிர்த் திசையில் போகிறது. ஆழ்துளைக் கிணறு கைவிட்ட பிறகு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசியில் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். தண்ணீர் விட்டால் விளையும், உழைத்தால் மறுநாள் காலையில் கூலி கிடைக்கும் என்ற ஒரே வாக்குறுதியை ஆட்டம் ஒரு நாளும் மீறுவதில்லை. மழை பெய்யும் காலை வந்தால் தண்ணீர் விடும் வேலையே இல்லை, நாள் முழுவதும் நமக்கே. மானாவாரி நிலத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் காலைகளில் வரும் மகிழ்ச்சி சொல்லி மாளாது.

> எரிச்சலூட்டும் ஆட்டத்துக்கு இவ்வளவு இனிமையான பெயரா? மீன்பிடிப்பதற்குள் உயிர் போகிறது.

எரிச்சல் உண்மைதான். எனக்கும் மீன்பிடித்தல் பிடிக்காது. திரையில் ஏறி இறங்கும் அந்தப் பச்சைப் பட்டையை மீனோடு ஒட்டி நிறுத்துவதற்குள் மீன் நழுவிவிடும். அதைவிடக் கொடுமை கடிகாரம். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் நாள் இரவு இரண்டு மணிக்கு முடிகிறது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 14 நிமிடம். அதற்குள் தெம்பு தீரும். இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வராவிட்டால் வழியிலேயே மயங்கி விழுந்து பணத்தையும் இழக்க வேண்டும். விதை வாங்க ஓடினால் புதன்கிழமை, கடை பூட்டியிருக்கும். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு பரிசுதான் கொடுக்கலாம், அதைக் கொடுக்க ஆளைத் தேடி ஊரைச் சுற்றியே பொழுது போகும். உறங்கினால்தான் சேமிப்பு ஆகும் என்பதால், எங்கள் ஊரில் மாலை நேரத்தில் மின்சாரம் போனால் அன்றைய நாள் மொத்தமும் போயிற்று.

இத்தனையும் சிற்றிலின் எரிச்சல்கள்தாம் என்கிறேன். கோட்டுக்கு வெளியே வந்தால் நீ அவுட்டு, இந்த இலைதான் காசு, அந்தக் கல்தான் கடை என்று பிள்ளைகள் விதி வகுத்துக்கொண்டு அதற்காக மல்லுக்கு நிற்பார்கள். வானத்தையும் சந்தையையும் நொந்துகொள்ளும் துயரம் அதில் இல்லை. நாமே ஒப்புக்கொண்ட விதியோடு படும் பாடுதான் இருக்கிறது. இருபத்தெட்டு நாள் முடிந்து அடுத்த பட்டம் (பயிரிடும் பருவம்) பிறந்ததும், அதற்கு ஒவ்வாத பயிர் எல்லாம் ஒரே இரவில் பட்டுப்போகும். முதல் தடவை அதைப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். அதைக் குறிக்கவும் ‘சிதைத்தல்’ என்ற சொல் மரபிலேயே ஆயத்தமாக இருக்கிறது. மரபு இவ்வளவு பொருத்தமாக வந்து உட்காரும் இடம் கலைச்சொல்லாக்கத்தில் அரிது.

> அனிமல் கிராசிங்கில் டர்னிப் விலை ஏறி இறங்குகிறதே, சந்தை இல்லை என்று எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி. ஞாயிறு காலையில் டர்னிப் வாங்கி, திங்கள் முதல் சனிக்குள் நல்ல விலைக்குத் தள்ள வேண்டும், தவறினால் அழுகிவிடும். ஆனால் அந்த டர்னிப்பை நாம் விளைவிக்கவில்லை. வாங்கி விற்கும் வியாபாரிதான் அங்கே நாம். விளைவித்தவருடைய நட்டத்தை அந்த ஆட்டம் தொடவே இல்லை. அதனால் அதுவும் சிற்றிலுக்குள் அடங்கும்.

> பண்ணை ஆட்டம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அனிமல் கிராசிங்கில் உழவு முதன்மை இல்லை. ஆகவே பொதுப்பெயராகப் பண்ணை பொருந்தாது. ஆட்டத்துக்குள் வரும் நிலத்துக்கும் எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. எங்கள் பக்கம் பண்ணை என்றால் கோழிப்பண்ணை, இல்லாவிட்டால் பண்ணையார். தாத்தா விட்டுச்சென்ற, புதர் மண்டிய நாலு காணி நிலத்தை யாரும் பண்ணை என்று சொல்ல மாட்டார்கள். ‘கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்பார்கள். வேறு மாவட்டங்களில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சோளக்கொல்லை பொம்மை என்று தமிழ்நாடு முழுவதும் சொல்கிறோமே, அதிலுள்ள கொல்லை புன்செய் நிலம்தானே! அந்தப் பொம்மையே ஆட்டத்தில் இருப்பதால் கொல்லையும் பொம்மையும் பொருந்தி நிற்கும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

பாவனை வாழ்வாட்டம் பற்றி ஒரே ஒரு தடை. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அங்குள்ள வாசகர்கள் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்கள்.

ஆட்டத்துக்குள் வரும் உறுப்புச் சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இப்போது பேச விரும்புகிறேன், மற்றவை பெரும்பாலும் முடிந்தவை. தெளிப்பான், பூவாளி, மாட்டுக் கொட்டகை எல்லாம் வழக்கில் உள்ளவை. சிக்கல் சீசனில்தான். நம் தமிழாக்கத்தில் அதைப் பருவகாலம் என்று எழுதியிருக்கிறீர்கள். விதைப் பொட்டலத்தின் மேல் வரும் இடத்தில் ‘பட்டம்’ என்று எழுத வேண்டுகிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. விதைக்கும் காலம் தவறினால் விளைச்சல் இல்லை என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆட்டத்தின் விதியும் அதுவே. கோடைப்பட்டம் என்று பொட்டலத்தில் பார்த்த பிள்ளை, அது முடிந்தால் பயிர் போய்விடும் என்று யாரும் சொல்லாமலே ஊகிக்கும். காற்றாடி, கல்லூரிப் பட்டம் என்ற குழப்பம் வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். விதைப் பொட்டலத்தில் அந்தக் குழப்பம் வர வழியில்லை. நாட்காட்டியிலும், எந்த மீன் எப்போது கிடைக்கும் என்ற இடத்திலும் பருவம் என்றே இருக்கட்டும். பட்டம் குறுகிய சொல் என்பதால் சிறிய பெட்டிக்குள் அடங்கும் என்பது இன்னொரு வசதி.

எனர்ஜிக்கு ஆற்றல் என்பதைவிடத் தெம்பு நல்லது. மண்வெட்டி பிடித்தவரிடம் ஆற்றல் தீர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் புதிய மொழியை நாமே சேர்க்க அது இடம் தருகிறது. திரையில் கொம்பு வரும் எழுத்துகள் இடம் மாறி விழும் தொல்லைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அதை இங்கே கலக்க வேண்டாம்.

சிற்றில் ஆட்டம் என்ற பெயரை ஏற்பதில் தயக்கம் உள்ளவர்கள், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்கள், அந்தச் சொல்லை அவர்களிடம் சொல்லிப் பார்த்து என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள். ஈழத்து நண்பர்கள் கொல்லைக்கும் பட்டத்துக்கும் அங்கே என்ன வழக்கு என்று சொன்னால் பெரிய உதவி. விதைப் பொட்டலச் சரங்களை (பொட்டலத்தின் மேல் தோன்றும் சொற்களை) வரும் ஞாயிற்றுக்கிழமை ஏற்ற வேண்டும். மாற்றம் ஏதும் இருந்தால் அதற்கு முன் தெரிவியுங்கள்.

அன்புடன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்