புதுப்பிப்பு: எஸ்எஸ்டி மாற்றியாயிற்று, கடைசியில் சாட்டாதான்

பழைய மடிக்கணினியின் வன்தட்டை (ஹார்டு டிஸ்க்) எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போட வேண்டும்; பழைய இணைப்பு முறையான சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். "எம்.2 துளை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு என்விஎம்இ வாங்குங்கள்" என்றார்கள் பலர். நல்லவேளை, கண்ணைத் திறந்து கையேட்டைப் படித்தேன். துளை இருக்கிறது, ஆனால் அதில் சாட்டா மட்டுமே வேலை செய்யும். எம்.2 என்பது அட்டையின் வடிவம்தான். உள்ளே ஓடுவது சாட்டாவா, என்விஎம்இ பயன்படுத்தும் பிசிஐஇ என்ற இணைப்பா என்பது தனிக் கதை.

ஆகவே 2.5 அங்குல சாட்டா, 1 டெராபைட். உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட், பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 வரை போகும். எனக்கு வருத்தமில்லை. கணினி தொடங்குவதும் உலாவி திறப்பதும் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கிற வேலை. வன்தட்டின் முனை அங்குமிங்கும் அலைந்த நேரம் ஒழிந்ததே பெரிய ஆதாயம்.

நான் விட்டுக்கொடுக்காதது, ஒரு நினைவகச் செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி வகையை. ஒரு செல்லில் 4 பிட் அடைக்கும் கியூஎல்சி மலிவுதான். ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது, அதன் வேகத் தாங்கிடம் (எழுதும் தரவை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பியதும் சிலவற்றில் வேகம் வன்தட்டுக்கும் கீழே இறங்கிவிடும். காணொளி தொகுப்பவனுக்கு அது சரிப்படாது. டிஎல்சியா கியூஎல்சியா என்ற விவரத்தை அட்டைப்பெட்டியில் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது, விவரத்தாளைப் பாருங்கள்.

டிஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்ய வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அழித்த கோப்புகளின் இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.